மில்லு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு, டீமை ஏன் கலைச்சாங்க?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, போன வீடியோவுல ஜேசிடி ஃபுட்பால் டீம் பத்திச் சொன்னீங்க. மில்லு ஓடிக்கிட்டு இருக்கும்போதே டீமை எதுக்குக் கலைச்சாங்க? எங்க டீமுக்கு ஐஸ் கம்பெனிக்காரர்தான் ஜெர்சி எடுத்துக் குடுக்குறாரு. எங்களுக்கும் அந்தக் கதிதானா?"

நல்ல கேள்வி தம்பி. ஜேசிடின்னா பஞ்சாப்ல பக்வாரான்னு ஒரு ஊரு, அங்க இருந்த ஜகத்ஜித் துணி மில்லு. 1971ல டீம் ஆரம்பிச்சாங்க. நம்ம ஆளுங்க பலருக்கு ஐ.எம். விஜயன் தெரியும், பூட்டியா தெரியும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இந்த மில்லுக்கு ஆடுனாங்கன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. கூடவே ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மேன். கோச் சுக்விந்தர் சிங். 1996-97ல நம்ம நாட்டுல முதல் நேஷனல் லீக் நடந்துச்சுல்ல, அந்தக் கப்பு கல்கத்தாவுக்கும் போகல, கோவாவுக்கும் போகல. மில்லு டீம் தூக்கிட்டுப் போயிருச்சு! பூட்டியா மட்டும் 14 கோல்.

அதுக்கப்புறமும் சும்மா இல்ல. சுனில் சேத்ரி கல்கத்தா டீம் மோகன் பகான்ல இருந்து 2005ல இங்கதான் வந்தாரு. 2006-07 நேஷனல் லீக்ல கோவா டீம் டெம்போவுக்கு அடுத்து ரெண்டாவது இடம். பிறகு சறுக்கல். நேஷனல் லீக்குக்குப் பதிலா வந்த ஐ-லீக்ல, 2010-11ல கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க, அந்த ஜூன் மாசமே டீமை மூடிட்டாங்க.

தோத்ததுனாலதான் மூடுனாங்கன்னு நினைச்சிராதீங்க. தோத்த டீம் அடுத்த வருசம் ஏறி வரலாம். மில்லுக்காரங்க சொன்ன காரணம் வேற: ஆட்டத்தை டிவியில யாரும் பாக்குறதில்ல, எங்க பேரு வெளிய தெரியல, அப்புறம் எதுக்குச் செலவு? அவங்க கணக்குல அது நியாயம்தான். அதுக்கு முந்தின வருசம் மஹிந்திரா கம்பெனியோட டீம் மஹிந்திரா யுனைடெட்டும் இப்படித்தான் போச்சு. டீமோட பேரே கம்பெனி பேரு, சம்பளமும் கம்பெனி குடுக்குறது. ஆபீஸ்ல ஒருத்தர் செலவுக் கணக்குல ஒரு வரியை அடிச்சு விட்டா பதினோரு பேரும் வீட்டுக்குப் போகணும். டிக்கெட் வாங்கி வந்த ஜனத்துக்கு அதுல ஒரு பேச்சும் கிடையாது. பஞ்சாப்ல இருந்து மறுபடி ஒரு டீம் இந்தியச் சாம்பியன் ஆக 2017-18 வரைக்கும் ஆச்சு, மினர்வா பஞ்சாப்.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. பசங்க கரையில இருப்பாங்க, டோர்னமென்ட் சூடு பிடிக்கும். பழைய வலையை கோல் போஸ்ட்ல கட்டி, கடல் மணல்ல கோடு போட்டு ஆடுறீங்க. இதை எந்தக் கம்பெனி மூட முடியும்? ஐஸ் கம்பெனிக்காரர் கை விட்டா ஜெர்சிதான் போகும், டீம் போகாது. ஆனா ஒண்ணு. முதுகுல அவர் பேரைப் போட்டுக்கங்க, தப்பில்ல. டீம் பேரை மட்டும் அவருக்கு எழுதிக் குடுத்துராதீங்க. ஊர் பேராவே இருக்கட்டும். என்ட்ரி பீஸுக்கும் பந்துக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சந்தா பிரிச்சு வைங்க. பணம் ஒருத்தர் கையில, கணக்கு நோட்டு இன்னொருத்தர் கையில. இல்லாட்டி ஐஸ் கம்பெனி கலைக்க வேண்டாம், நீங்களே சண்டை போட்டுக் கலைச்சிருவீங்க!

சரி, அடுத்த கேள்வி தொண்டியில இருந்து...