நொண்டிச் சாக்கும் 23 படிகளும்

வணக்கம் நேயர்களே. இந்த உரைக்கு என்னைக் கூப்பிட்ட தம்பி தொலைபேசியில் முதலில் கேட்டதே, "அண்ணை, உங்களை என்னெண்டு அறிமுகப்படுத்துறது? மாற்றுத்திறனாளி எண்டா, விசேட தேவையுடையவர் எண்டா?" என்றுதான். கணக்காளர் என்று சொல்லு, அதுதானே என்னுடைய தொழில் என்றேன். சிரித்துவிட்டு, உடற்குறையைச் சொல்லும் சொற்களைப் பற்றிய பேச்செல்லோ, தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கவேண்டுமே அண்ணை என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், வானொலியில் என் கால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: இரண்டு வயதில் போலியோ, சூம்பிப்போன இடது கால், இரும்புக் கம்பி வைத்த சப்பாத்து, ஒரு ஊன்றுகோல். இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். என் வயதுக்காரரோடு இந்த வகைக் கால் முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நொண்டி என்றுதான் பெயர். பின்னேரம் கிரிக்கெட் தொடங்கும்போது, "நொண்டி, நீ அம்பயர் நில்லு" என்பார்கள். ஐந்து வருடம் நான் அம்பயர். மட்டை ஒருநாளும் கையில் வந்ததில்லை. அந்தச் சொல் வலித்ததா என்று கேட்டால் வலித்தது, இன்றைக்கும் யாராவது தெருவில் அந்தத் தொனியில் சொன்னால் கழுத்துக்குப் பின்னால் சுரீர் என்கிறது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, "பாருங்கள், அவரே சொல்லிவிட்டார், இதெல்லாம் பெரிய விஷயமில்லை" என்று யாரும் வெற்றிலை போடக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினர். பெயர் வேண்டாம். கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் மேல்மாடி மண்டபத்தில் கூடுவோம். 23 படி. லிஃப்ட் கிடையாது, ஒரு பக்கம்தான் கைபிடி. அதுவும் என் இடது பக்கம், ஏறும்போது உதவாது. மற்றவர்கள் படியை எண்ணுவதில்லை, நான் எண்ணுவேன். பத்தாவது படியில் ஒரு திருப்பம், அங்கே நின்று மூச்சு வாங்கும்போது பின்னால் வருகிறவர்கள் "ஆறுதலாக வாங்கோ, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார்கள்.

அன்றைக்கு, கணக்கறிக்கை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதற்குச் செயலாளர் ஏதோ அச்சகம், மழை, மின்வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மாஸ்டர் எழும்பினார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், 80ஐத் தொட்டவர். "உதெல்லாம் நொண்டிச் சாக்கு!" என்றார். உடனே பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி, படித்த பிள்ளை, நல்ல பிள்ளை, எழும்பி, "மாஸ்டர், இது ஏபிலிசம், அவமதிப்பு, மன்னிப்புக் கேளுங்கள்" என்றான். உடற்குறையை வைத்து ஆளை மட்டம் தட்டுவதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். மாஸ்டருக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். முகத்தைக்கூட இல்லை, காலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நொண்டி என்ற சொல்லைவிட அந்தப் பார்வைதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

முக்கால் மணித்தியாலம் விவாதம். கணக்கறிக்கையை எல்லோரும் மறந்துபோனோம், செயலாளருக்கு நிம்மதி. கடைசியில் மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்த மாஸ்டர்தான் ஒவ்வொரு மாதமும் கதவடியில் எனக்கென்று ஒரு கதிரையை முன்கூட்டியே போட்டு வைக்கிறவர். அந்த முக்கால் மணித்தியாலத்தில் எனக்காகப் பேசிய ஒருவர்கூட, "இந்த மனுசனை ஏன் மாதாமாதம் மேல்மாடிக்கு ஏற்றுகிறோம்?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது வேறு.

நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டுப் பாடம், செவிடன் காதில் ஊதின சங்கு, கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவன் என்று எங்கள் தமிழ் முழுக்க எங்களை மாதிரி ஆட்கள் நிறைந்து கிடக்கிறோம். இவற்றில் சிலவற்றைச் சொல்கிறவருக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பதே ஞாபகம் வராது. நொண்டிச் சாக்கு அப்படித்தான், சாக்குத்தான் நொண்டுகிறது. முடவனும் கொம்புத்தேனும் வேறு மாதிரி. அதில், உன்னால் முடியாததற்கு ஆசைப்படாதே என்று எனக்கே நேராகப் புத்தி சொல்கிறார்கள். அது எனக்குக் கோபம் வருகிற பழமொழி. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் கோபத்துக்கு மரியாதை போய்விடும்.

சொல்லை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் இன்று மடையன் என்ற திட்டுச்சொல்லாக இருக்கும் மோரன், அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட் 1910இல் புதிதாக உண்டாக்கிய வைத்தியச் சொல். லண்டனில் மூளைவாதம் உள்ளவர்களுக்கான ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு, அந்தச் சொல் வசையாகிப் போனதால் 1994இல் ஸ்கோப் என்று பெயரை மாற்றியது. பள்ளிப் பிள்ளைகள் விட்டார்களா? ஸ்கோப்பர் என்று திட்டத் தொடங்கினார்கள். இங்கே கொழும்புக்குப் பக்கத்து அங்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று எப்போதோ பெயர் மாறிவிட்டது, கொழும்பில் இன்னும் 'அங்கொடை கேஸ்' என்றுதான் சொல்கிறோம். மாற்றுத்திறனாளி என்பது கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ஊனமுற்றோர் என்பதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த சொல், நல்ல நோக்கம். போன மாதம் ஒரு டியூட்டரி வாசலில் பந்தைப் பிடிக்காமல் விட்ட பெடியனைப் பார்த்து இன்னொருவன் கத்துகிறான், "டேய் மாற்றுத்திறனாளி!"

மறுபக்கமும் உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்று ஒரு புலவர், யாழ்ப்பாண அரசவைக்கு வந்து பாடிப் பரிசு வாங்கினார் என்பார்கள். அந்தகன் என்றால் குருடன். அது அவருக்குப் பட்டமாகவே நின்றது, யாரும் குறைவாக நினைக்கவில்லை. பாட்டுக்குத்தான் ஆட்கள் கூடினார்கள்.

ஆனால் மரியாதைச் சொல்லை வைத்துக்கொண்டே ஒருவரைச் சிறுமைப்படுத்தலாம், அது எனக்கு நடந்தது. ஒரு அலுவலகத்தில் படிவம் கொடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு தப்பான வார்த்தைகூடப் பேசவில்லை. என்னைத் தாண்டி என் மனைவியைப் பார்த்து, "மாற்றுத்திறனாளி ஐயாவால் கையெழுத்துப் போட ஏலுமா மிஸ்?" என்றார். எனக்குப் போலியோ காலில். கையெழுத்துப் போட்டுத்தான் முப்பது வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். இதற்குத்தான் பாரபட்சம் என்ற சொல்லைச் சேமித்து வைத்திருக்கவேண்டும். நாங்களோ அதை நொண்டிச் சாக்குக்கே செலவழித்துவிட்டால், இப்படி ஒன்று நடந்து முறைப்பாடு செய்யும்போது, "ஆ, இவர்களுக்கு எப்பவும் இதே கதைதான்" என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

இதில் நானும் சுத்தமான ஆளில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு கோப்பை நான் பிந்திக் கொடுத்தேன், சோம்பல்தான் காரணம். மேலாளர் ஏசினார். "எனக்குக் கால் இப்படி என்பதால்தானே இப்படிப் பேசுகிறீர்கள்" என்றேன். மனுசன் வெளிறிப்போனார், அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னிடம் எந்தப் பிழையும் சொல்லவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒரு வருடத்தில் கஷ்டமான கணக்கு எதுவும் எனக்குத் தரவுமில்லை.

குற்றச்சாட்டு பெரிதாகும்போது அது எங்கே போய் நிற்கும் என்பதையும் இந்த நாட்டில் பார்த்திருக்கிறோம். வெறுப்பைத் தூண்டுகிறவர்களைப் பிடிக்கலாம் என்று 2007இல் வந்த, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய ஐசிசிபிஆர் சட்டம், 2019இல் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரை நான்கு மாதம் உள்ளே வைத்தது. ஒரு கதைக்காக.

சட்டத்தால் செய்யக்கூடியது வேறு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல். அவை கடதாசியில் கிடந்தபோது நீதிமன்றம் போனவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனவர். பொதுக் கட்டடங்கள் விதிகளைப் பின்பற்றவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளை போட்டது. அதன் பிறகும் எத்தனை கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது என்று காலி வீதி நீளத்துக்கு நீங்களே நடந்து பாருங்கள். சில இடத்தில் இருக்கிறது, அதில் மோட்டார் சைக்கிள் நிற்கும். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானவர்கள், 16 இலட்சத்துக்கு மேல், ஏதோ ஒரு இயலாமை உள்ளவர்கள். அவர்களில் எத்தனை பேரை காலி வீதியில் ஓடும் 101 பஸ்ஸில் கண்டிருக்கிறீர்கள்?

இவ்வளவும் பேசுகிற எனக்குப் போன வாரம் நடந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் தொடர்மாடி லிஃப்டில் தொலைபேசியில் என் தம்பியோடு சண்டை. "மொக்கு மாதிரிக் கதையாதே" என்று கத்தினேன். திரும்பினால் மூன்றாம் மாடி அக்கா, மகனோடு. அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயது, பேச்சு மெதுவாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மகனுடைய சேர்ட் கொலரை இழுத்துச் சரிசெய்தார், சரியாகத்தான் இருந்தது அது. மூன்றாம் மாடி வரும்வரை லிஃப்ட் இவ்வளவு மெதுவாகப் போகுமென்று எனக்குத் தெரியாது. அவர் ஏசியிருந்தால் வாங்கியிருப்பேன். அதற்காக என்னை வெறியன் என்று நாலு பேர் முன்னால் நிறுத்தியிருந்தால், என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாதங்களைத்தான் தேடியிருப்பேன், அந்தக் கொலரைக் கவனித்திருக்கமாட்டேன். மன்னிப்பு அடுத்தநாள் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், பரவாயில்லாத குரலில்.

பிறகு மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு மாதமாக அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. குரலில் இன்னும் காயம். "அப்ப தம்பி, நான் இனி அதை என்னெண்டுதான் சொல்லுறது?" என்று கேட்டார். "வெறுஞ்சாக்கு எண்டு சொல்லுங்கோ மாஸ்டர், போதும். அந்தப் பெடியனோடயும் ஒருக்காக் கதையுங்கோ, கெட்டவன் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கூட்டத்தைக் கீழ்மண்டபத்தில வைக்கச் சொல்லி ஒரு பிரேரணை கொண்டு வாங்கோ" என்றேன்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கீழ்மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமையில கராத்தே வகுப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கெல்லே தம்பி" என்றார்.