சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு
(சேலத்தில் ஓர் அரசுப் பள்ளி விளையாட்டு விழாவில் பேசியது)

தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, ஆசிரியர்களே, பந்தலில் இடம் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கிற பெற்றோர்களே, வெயிலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. எனக்குப் பின்னால் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு தெரிகிறதா? காலையிலேயே வந்து டேப் பிடித்து அளந்து நான் போட்டது. ஒன்பதாம் வகுப்பில் யார் உயரம்? வா தம்பி, கோட்டுக்குக் கீழே வந்து நில். பாருங்கள், தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இருக்கிறது. அந்தக் கோடு 1.89 மீட்டர். அடிக்கணக்கில் ஆறடி இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் வாசல் நிலையே ஆறடிதான் இருக்கும். குனியாமல் உள்ளே போனால் நெற்றியில் இடிக்கும். அந்த நிலைக்கும் மேலே ஒருவர் ஓடி வந்து, ஒரே காலால் எம்பி, கம்பி விழாமல் அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

யாரென்று உங்களுக்குத் தெரியும். மாரியப்பன் தங்கவேலு. புதுப் பஸ் ஸ்டாண்டில் ஓமலூர் பஸ் ஏறினால் அவர் ஊர்ப்பக்கம் போய்விடலாம். பெரியவடகம்பட்டி. 2016இல் ரியோவில் நடந்த பாராலிம்பிக்கில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில், அவர் தங்கம் வாங்கின உயரம்தான் இந்தக் கோடு. 2004க்குப் பிறகு பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவருக்கு அப்போது 21 வயது.

ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பஸ் அவர் மேல் ஏறியதில், வலது காலில் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அந்தக் கால் வளரவே இல்லை, இன்னமும் ஐந்து வயதுப் பையன் கால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்மா சரோஜா தனி ஆளாகச் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். இந்தக் கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சொல்லும்போது குரல் தழுதழுக்கும், கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், அப்புறம் கை தட்டுவார்கள். எனக்கு அந்த உச்சுக்கொட்டல் பிடிப்பதில்லை. அவர் பரிதாபத்துக்காகத் தாண்டவில்லை. அவரை ஓர் உயரம் தாண்டும் வீரராகப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கோடு.

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. தொடர்ந்து மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டால் வெளியே. தாண்டிவிட்டால் கம்பி இன்னும் மேலே போகும். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் நெஞ்சால் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிறான், கபடியில் ஜெயித்த அணி ஒன்றாகக் கட்டிப் பிடித்துக் குதிக்கிறது. உயரம் தாண்டுவதில் மற்றவர்களெல்லாம் வெளியேறிய பிறகும் ஜெயித்தவர் இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் அவரும் கடைசியில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் மெத்தையில் விழுவார். 31 வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதில் கஷ்டமே அதுதான். தட்டிவிட்டவன் முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவான், மறுநாள் வரமாட்டான்.

மாரியப்பன் மறுபடி மறுபடி வந்தார். அடுத்த பாராலிம்பிக் 2021இல் டோக்கியோவில். தொடக்க விழாவில் தேசியக்கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டியவர். விமானத்தில் அருகில் இருந்தவருக்குக் கொரோனா என்று அவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள், கொடி வேறொருவர் கைக்குப் போனது. போட்டி நாளில் மழை. அந்தச் சின்னக் காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து கனத்துவிட்டது. ஈர மண்ணில் செருப்பில்லாமல் ஓடி எம்பிப் பார்த்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். 1.86 தாண்டினார். 1.88இல் மூன்று முறையும் தட்டியது. அமெரிக்காவின் சாம் கிரூ தன் மூன்றாவது வாய்ப்பில் அதைத் தாண்டினார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் இரண்டே சென்டிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலம்.

2024 மே மாதம் ஜப்பானில் கோபே நகரத்தில் உலக சாம்பியன், 1.88. அதே வருஷம் செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக், 1.85, வெண்கலம். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், ‘இந்தத் தடவை வெண்கலம்தானா’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணே, எட்டு வருஷத்தில் நாலு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது, தங்கம் வாங்கின பையன் 1.94 தாண்டியிருக்கிறான் என்றேன். அவர் தட்டுவடையைக் கடித்துக்கொண்டே, ‘அப்படியா சேதி’ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் என்பது அவர் திருப்பின பக்கத்தில்தான் இருந்திருக்கும். பத்மஸ்ரீ, அர்ஜுனா, கேல் ரத்னா எல்லாம் வாங்கிவிட்டார். உங்கள் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரியோவில் அவர் ஜெயித்த செய்தி வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. சந்தோஷத்தில் என்று சொல்லத்தான் ஆசை. பாதி அதுதான். மீதியைச் சொல்கிறேன்.

மாரியப்பன் படித்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியர், வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை, நீ உயரம் தாண்டிப் பார் என்று இறக்கிவிட்டிருக்கிறார். 14 வயதில், இரண்டு காலும் நன்றாக இருக்கிற பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். பிற்பாடு பயிற்சியாளர் சத்தியநாராயணா கண்ணில் பட்டதும், பெங்களூருக்குப் போனதும் எல்லாம் அதற்கு அப்புறம். முதலில் ஒருவர் மைதானத்துக்குள் விட்டிருக்கிறார். அவருக்கும் என்னைப் போலத்தான், கழுத்தில் ஒரு விசில், இரண்டு மூங்கில் கம்பம், மணல் குழி.

என்னிடமும் ஒரு பையன் இருந்தான். இடது கால் போலியோ. எந்தப் பள்ளி, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். விளையாட்டு பீரியடில் அவனைக் கூப்பிட்டு மரத்தடியில் உட்கார வைப்பேன், கையில் நோட்டைக் கொடுத்து, யார் எவ்வளவு தாண்டினான் என்று எழுதச் சொல்வேன். மணி மணியான கையெழுத்து. அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், அவன் விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது. மூன்று வருஷம் எழுதினான். அந்த நோட்டில் ஒரு பக்கத்தில்கூட அவன் பெயர் கிடையாது.

பாரிஸ் போட்டி முடிந்த பிறகு அவனை அஞ்சு ரோடு பக்கம் பார்த்தேன். செராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான்தான் மாரியப்பன் பேச்சை எடுத்தேன், ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவன் காகிதத்தை அடுக்கிக்கொண்டே சிரித்தான். ‘சார், ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நானும் தாண்டிப் பார்த்தேன்’ என்றான். நான் அசந்துபோய், ‘எவ்வளவுடா?’ என்றேன்.

‘யாருக்குத் தெரியும் சார். டேப்பை நீங்க பீரோவில வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே’ என்றான்.

சரி, பரிசு கொடுக்க நேரமாகிவிட்டது. மணல் குழியைக் காலையில் கொத்தி விட்டிருக்கிறோம். டேப் அங்கே மேசைமேல் இருக்கிறது. இருட்டும்வரை அதை யாரும் உள்ளே எடுத்து வைக்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.