வாடகை கொடுத்தாலும் வீட்டு மனிதர்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆளுக்கு ஓர் அறை, சமையலறை எல்லோருக்கும் பொது என்று ஒரு நிறுவனம் வாடகைக்கு விடும் வீடுதான் கோ-லிவிங். அதில் குடியிருப்பவர் வாடிக்கையாளரா, வீட்டு மனிதரா என்பது தலைப்பு. வாடிக்கையாளர்தான் என்று அடித்துச் சொன்னார் எதிரணி நண்பர். வாடகையிலேயே வைஃபை, துப்புரவு, சாப்பாடு எல்லாம் அடக்கம். அப்புறம் பக்கத்து அறைக்காரருக்கு நான் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

ஐயா, சென்னையில் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் இப்படி ஒரு வீட்டுச் சமையலறைக்கு இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தொட்டியில் சாம்பார் காய்ந்துபோன தட்டு. ஃபிரிட்ஜில் டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி ஒட்டியிருக்கும். எல்லோரும் வாடிக்கையாளர் என்றால் காலையில் ஆள் வரும்வரை அந்தத் தட்டு அங்கேயே கிடக்கும். தட்டு கிடக்கட்டும். ஒரு பெண் காய்ச்சலில் படுத்துவிட்டால்? நிறுவனத்தின் மொபைல் ஆப்பில் புகார் பதியலாம். அம்மா திருநெல்வேலியில் இருக்கிறார். கஞ்சி வைத்துக் கொடுக்கப் பக்கத்து அறைப் பெண்தானே வரவேண்டும்!

வாடகை கொடுப்பவர் எப்படி வீட்டு மனிதர் ஆவார் என்றும் கேட்டார். ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் நகரில், ஃபேர்ட்க்னெப்பன் என்றொரு குடியிருப்பு. 1993-ல் வந்தது, 43 வீடுகள். நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் உடன் இல்லாதவர்களுக்கானது. கட்டடம் நகராட்சியின் வீட்டுவசதி நிறுவனத்துடையது; குடியிருப்பவர் அத்தனை பேரும் வாடகைதாரர்கள். ஆனால் பொதுச் சமையலறையில் முறை வைத்துச் சமைப்பவர்கள் அவர்களே. பொது இடங்களைச் சுத்தம் செய்வதும் அவர்களே. ஒவ்வொரு வீட்டின் பரப்பிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அதில் கிடைத்ததுதான் எல்லோருக்குமான சாப்பாட்டுக் கூடம். ஒரு செங்கல்கூட அவர்கள் பெயரில் இல்லை, நடுவர் அவர்களே!

கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை போய்விடுமே என்று நண்பர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலறை உண்டு. பொதுச் சாப்பாட்டுக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். சமைக்கும் முறை வந்தால் மட்டும் தட்டிக்கழிக்க முடியாது.

நம் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளருக்குப் புகார் சொல்லும் உரிமை உண்டு, அதோடு சரி. இரவு எத்தனை மணிவரை சத்தம் போடலாம், விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், சமையல்காரரை மாற்றலாமா என்று கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டு மனிதராக இருந்தால்தான் முடியும். அந்த உரிமையை வேண்டாம் என்கிறது எதிரணி. வேண்டும் என்கிறோம் நாங்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.

நன்றி, வணக்கம்.