முன்வரிசைக் கதிரையை விட்டு எழும்பினால்

வணக்கம் நேயர்களே. நாடகங்களுக்கு விமர்சனம் எழுதி வந்த ஒருவர் தானே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கும்? இது புதுச் சங்கதி இல்லை. பெர்னாட் ஷா 1895 முதல் 1898 வரை லண்டன் பத்திரிகையொன்றில் நாடக விமர்சகர். அதற்கு முன்பே, 1892இல், அவருடைய முதல் நாடகம் மேடையேறிவிட்டது; விமர்சகராய் இருந்தபடியே நாடகமும் எழுதினார். ஆங்கில நாடகாசிரியர் டொம் ஸ்டொப்பார்ட்டும் விமர்சகராய் இருந்தவர். 1968இல் மேடையேறிய அவருடைய நாடகமொன்றில், நாடகம் பார்க்க வரும் இரண்டு விமர்சகர்களைப் பாத்திரங்களாக்கி, அவர்கள் பார்க்கிற நாடகத்துக்குள்ளேயே இழுத்துவிட்டார்!

விமர்சகருக்கு முதலில் பிடிக்கிற வருத்தம், பாத்திரங்களே விமர்சனம் பேசுவது. தகப்பன் மகளைப் பார்த்து, "உன் மௌனத்தில் ஒரு தலைமுறையின் இழப்பு தெரிகிறது" என்கிறார். எந்தத் தகப்பன் அப்படிப் பேசுவார்? "சாப்பிட்டியா பிள்ளை" என்று கேட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். பிரதியில் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். பேசுவது யார் என்று பிடிபடாவிட்டால், பேசுவது நீங்கள்தான்.

அடுத்தது, உள்ளே போகிற ஆள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முன்வரிசையில் இருப்பவருக்கு மேடைக்கு வருகிறவர் தெரியும். உள்ளே போனவர் என்ன பாடுபடுகிறார் என்று தெரியாது. இரண்டாம் காட்சி முடிவில் வெள்ளைச் சேலையில் விதவை. மூன்றாம் காட்சி முன்கதை. அதே நடிகை கூறைச் சேலையில் மணப்பெண். சேலை மாற்ற, தலை பின்ன, பூ வைக்க, நகை போட, இரண்டு பேர் உதவினாலும் பத்து நிமிடம். பிரதியில் இருப்பதோ இரண்டு வரி. நெறியாளர் என்ன செய்வார்? விளக்கை அணைத்துப் பாட்டுப் போடுவார். "காட்சி மாற்றங்கள் இழுபட்டன" என்று முன்பு விமர்சனம் எழுதியவரும் இந்தப் பிரதியை எழுதியவரும் ஒரே ஆள்தான், பாருங்கோ.

கூத்தில் இந்தச் சிக்கல் குறைவு. கட்டியகாரன் வந்து அரசன் வரவைச் சொல்லிப் பாடி ஆடுவான். அதற்குள் உள்ளே அரசனுக்குக் கிரீடத்தைக் கட்டிவிடலாம். ஆகவே எழுதுமுன் ஓர் இரவு ஒப்பனை இடத்தில் குந்தியிருங்கள். கொப்பியில் கருத்து வேண்டாம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எதைக் கழற்றினார், எப்போது வெளியே போனார், அவ்வளவுதான்.

திருகோணமலையில் கோயில் வீதியில் ஆடுவதென்றால் கடற்காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒலிவாங்கியில் காற்று 'புர்'ரென்று அடிக்கும். பெருமூச்சு, முணுமுணுப்பு எல்லாம் அதோடு சரி. முக்கியமான செய்தியை இரண்டு வாயில் போடுங்கள். "தம்பி வரமாட்டானாம்." "என்ன, வரமாட்டானா?" மணலில் கடைசியில் இருக்கும் ஆச்சிக்கும் கேட்டுவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வெளி அரங்குக்கு நாள் குறிக்கவே வேண்டாம், மழை.

ஒத்திகையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். முதல் வாசிப்புக்குப் போங்கள், பிறகு கடைசி வாரம் போங்கள். இடையில் போனால் நடிகருக்கு விமர்சனம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். வணக்கம்.