மஞ்சவாடியில் அறுந்து கிடக்கும் பாதை

(சேலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சேர்வராயன் மலை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்காடு ஏரியும்தான் ஞாபகம் வரும். ரோடு போடுவதற்கு முன்னால் மலைக்காரர்கள் எப்படிக் கீழே வந்தார்கள்? பலாவையும் மிளகையும் தலையில் சுமந்துகொண்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்துதான்.

போன தை மாதம் அப்படி ஒரு பாதையில் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு இறங்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டார். நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, அதன்மேல் ஒரு நீளக் கல். சுமைதாங்கி! மேல்கல்லின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. "தனியா வர்றவன் யாரையும் கூப்பிடாம சுமையை இறக்கி, மறுபடி தூக்கிக்கலாம் தம்பி, அதுக்குத்தான் இந்த உயரம்" என்றார். கல்லைச் சுற்றி உண்ணிச்செடி மூடிக் கிடந்தது.

இந்த மாதிரிப் பழைய பாதைகளைக் கோத்து நாம் நடக்க வேண்டும் என்பதுதான் என் யோசனை. இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் பென்டன் மெக்கே என்பவர் 1921-இல் அப்பலாச்சியன் மலைத்தொடர் முழுக்க ஒரு நடைபாதை வேண்டும் என்று எழுதினார். 1937-இல் அது முடிந்தது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். மரத்துக்கு மரம் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பாதையில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் போனது. வீடு வந்தால் பாதை தார்ரோட்டுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. பாதையைக் காப்பாற்றச் சொல்லி நடந்தவர்கள் விடாமல் கேட்டார்கள். 1968-இல் சட்டம் வந்தது, அதன் பிறகு பாதையை ஒட்டிய நிலத்தை அரசே வாங்க ஆரம்பித்தது. துண்டு துண்டாக இருந்த காடுகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு மிஞ்சியது.

சரி, நம் பக்கம் பாருங்கள். சேர்வராயனுக்குக் கிழக்கே சித்தேரி மலை, அப்புறம் கல்வராயன் மலை. சேர்வராயனுக்கும் சித்தேரிக்கும் இடையில் மஞ்சவாடி கணவாய், அதில் அரூர் ரோடு. மேற்கே தொப்பூர் கணவாயில் தேசிய நெடுஞ்சாலை. அதையும் தாண்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். வரைபடத்தில் இவை பக்கத்துப் பக்கத்து மலைகள். ராத்திரியில் ரோட்டைக் கடக்கும் காட்டெருமைக்கு அப்படி இல்லை. பழைய சந்தைப் பாதைகளைக் கோத்து நடக்க ஆரம்பித்தால், காடு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பது நம் காலுக்கே தெரியும். தெரிந்தால் கேட்போம்.

மனிதர் நடக்கும் பாதையே விலங்குக்கும் வழியாகிவிடாது. இருட்டிய பிறகு நாம் அங்கே இருக்கக் கூடாது. கோடையில் பாதையை மூடியே ஆக வேண்டும். 2018-இல் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். வழிகாட்டும் வேலையும் கூலியும் மலைக்காரர்களுக்கே போக வேண்டும், இதில் பேரம் கூடாது.

முதல் வேலையாகச் சுமைதாங்கிகளைக் குறித்து வைக்கப் போகிறோம். வனத்துறையிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ மஞ்சவாடிப் பக்கம் நடந்து சந்தைக்குப் போனவர்கள் இருந்தால், எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்கினார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.