போர்ப் படம் கண்ணைத் திறக்கிறதா, கட்டுகிறதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வேலை முடித்து நேராக இந்தக் கல்மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

1914 செப்டம்பரில் ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தது. அதை நேரில் பார்த்தவர் எவரும் இன்று இல்லை. நாம் அறிந்த போரெல்லாம் படத்தில் பார்த்ததுதான். அந்தப் படம் நம் கண்ணைக் கட்டுகிறது என்கிறது எதிரணி. திறக்கிறது என்பது எங்கள் கட்சி.

1855-ல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே பாதையை இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பாதையில் சிதறிக் கிடக்கின்றன, மற்றதில் பாதை காலி. குண்டுகளை அவரே பாதையில் பரப்பிப் படம் எடுத்திருக்கிறார், பார்த்தீர்களா மோசடியை என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்தச் சந்தேகமே அந்த இன்னொரு படம் இருப்பதால்தானே வந்தது!

அடுத்து, 1968-ல் சைகோன் தெருவில் கை கட்டப்பட்ட ஒருவரைத் தென் வியட்நாம் தளபதி சுடும் படம். சுடப்பட்டவர் மேல் கொலைக் குற்றச்சாட்டு இருந்தது படத்தில் இல்லையே என்று கேட்டார்கள். இல்லைதான். எடுத்த எடி ஆடம்ஸே பிற்பாடு அந்தத் தளபதிக்காக வருந்தினார். ஆனால் விசாரணையே இல்லாமல் ஒரு மனிதனைத் தெருவில் சுட்டது பொய்யா? விட்டுப்போன முன்கதையை எழுத்தில் சேர்க்கலாம். எடுக்காத படத்தை எதைக் கொண்டு சேர்ப்பது?

சரி, படம் வராத போர் எப்படித் தெரிகிறது? 1991 வளைகுடாப் போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இருட்டில் பச்சை வெளிச்சம், குறி தவறாத ஏவுகணை. அதில் மனிதனே இல்லை. அப்போது கென்னத் ஜாரெக் என்பவர், வண்டியிலேயே கருகிப்போன ஓர் இராக்கிய வீரரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அனுப்பாமல் செய்தி நிறுவனத்திலேயே நிறுத்திவிட்டார்கள். லண்டனில் அப்சர்வர் வெளியிட்டது. அதே 1991-ல், டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் தங்கள் வீரர்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்கவே அமெரிக்க அரசு தடை போட்டது. 2009 வரை அந்தத் தடை நீடித்தது. படம் மக்களை ஏமாற்றும் கருவி என்றால் அரசுகள் ஏன் அதற்கு இப்படிப் பயப்பட வேண்டும்?

அப்புறம், நம் வீட்டுத் துக்கம். 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. பணியாளர்களை வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளர்களையும் உள்ளே விடவில்லை. அங்கே நடந்த கடைசிக் கட்டப் போரில் பொதுமக்கள் நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னபோது, அந்த எண்ணிக்கையே சண்டைக்குரியதாகிவிட்டது.

என் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. 2009-ல் தினமும் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். பெருமூச்சு விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கும் படம் 2012-ல் வெளிவந்தது. 2013 பிப்ரவரியில் இன்னொரு படம் வந்தது. அதில் அவன் மணல் மூட்டைகளுக்கு நடுவே உயிரோடு உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தான். நாங்கள் சுடவில்லை என்று ராணுவம் மறுத்தது. அடுத்த மாதம் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். போராட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, அரசு கல்லூரிகளை மூட வேண்டியதாயிற்று.

அன்று ஆயா பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்குத் தின்னக் குட்த்துட்டா சுட்டானுங்க?" என்று கேட்டார்.

அத்தனை நாள் நான் வாசித்துக் காட்டிய எந்தச் செய்தியும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்ததில்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.