சோத்துக்குப் பிறகு பத்து நிமிசம்

வணக்கம் நேயர்களே. நான் டொக்டர் இல்ல, பென்சன் எடுத்த மாஸ்டர், எனக்குச் சீனி வருத்தம் வந்து பதினாறு வருசம், கிளினிக் கொப்பியே நாலு முடிஞ்சிட்டு, அதால கொஞ்சம் கதைக்கலாம் எண்டு வந்தனான்.

விடிய எங்கட திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கோ, நடக்கிறதில பாதிப்பேர் எங்கட கிளினிக் ஆக்கள்தான். நல்ல விசயம். ஆனா நடந்து முடிச்சுக் கடையில குந்தி ரெண்டு வடையும் சீனி போட்ட தேத்தண்ணியும் எண்டா என்னத்தைச் சொல்ல, நானும் குடிச்சனான்தான். அதை விடுங்கோ, பெரிய பிழை மத்தியானம்தான் நடக்கிறது. ஒரு கோப்பை சோறு, மீன் குழம்பு, ஃபேனுக்குக் கீழ நித்திரை. சாப்பிட்டு ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்திலதான் ரத்தத்தில சீனி கூட ஏறும், நாங்க அந்த நேரம் பாத்துப் படுத்துக் கிடக்கிறம். ரத்தத்தில இருக்கிற சீனியைத் தசைக்குள்ள அனுப்புற இன்சுலின் சரியா வேலை செய்யாட்டிலும் தசை வேலை செய்யேக்க அது தன்ர பாட்டில சீனியை உள்ள இழுக்கும், அதுவும் தொடையில இருக்கிறது பெரிய தசை. அப்ப சாப்பிட்டுப் பத்துப் பதினைஞ்சு நிமிசம் நடந்தாலே பிரயோசனம் இருக்கு. வெயிலுக்க இறங்கத் தேவையில்ல, நான் விறாந்தையிலதான் நடக்கிறன், மனிசி கேக்கிறா, "என்ன, கோட்டைக்குள்ள திரியிற மான் மாதிரி அங்கயும் இஞ்சயும் திரியிறியள்?"

கிழமைக்கு 150 நிமிசமாவது வேணும், ரெண்டு நாளுக்கு மேல தொடர்ந்து விடக்கூடாது, விட்டா நடந்த பலன் குறைஞ்சு போயிடும். வேகம் எப்பிடித் தெரியும் எண்டா, கோணேசர் கோயிலுக்கு ஏறுற ஏத்தத்தில பக்கத்தில வாறவரோட கதைக்க ஏலும், ஆனா தேவாரம் பாட மூச்சுக் காணாது, அதுதான் அளவு. வீட்டு வேலையும் அந்தளவுக்கு மூச்சு வாங்கினாக் கணக்குத்தான்.

இனிக் கால். போன வருசம் ஒரு திருவிழா, உச்சி வெயில், மணலில எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடினம், நான் ஆறுதலா நடந்து வாறன், மனசுக்க ஒரு பெருமை வேற. பின்னேரம் பேத்திதான் கண்டாள், ரெண்டு உள்ளங்காலிலயும் கொப்புளம். எனக்கு நோவே தெரியேல்ல! சீனி வருத்தத்தால நரம்பு மரத்துப் போனதை அண்டைக்குத்தான் விளங்கினனான், புண் ஆற ஒண்டரை மாசம், அவ்வளவு நாளும் நடையும் இல்ல. அதால சப்பாத்தைக் கவிட்டுத் தட்டிப் பாத்துப் போடுங்கோ, கல்லுக் கிடக்கும், ராவில உள்ளங்காலைக் கண்ணாடி வைச்சுப் பாருங்கோ. கோயிலுக்குப் போறதெண்டா விடியப் போங்கோ, சாமி எங்கயும் போகமாட்டார்.

இன்னொண்டு, இன்சுலின் போடுற ஆக்களுக்கும், இன்சுலினைக் கூடச் சுரக்க வைக்கிற கிளிக்லசைட் மாதிரிக் குளிசை போடுற ஆக்களுக்கும் நடக்கேக்க சீனி அளவுக்கு மேல இறங்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். குத்திப் பாக்கேக்க ரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழ எண்டா மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு இருந்து, கால் மணித்தியாலத்தால திரும்பப் பாக்கோணும். ரோட்டில சீனிக்கு எங்க போறது, சேட்டுப் பொக்கற்றில நாலஞ்சு டொபி போட்டு வையுங்கோ. சும்மா இருக்கிற நேரத்தில எடுத்துத் திண்டிடாதேங்கோ, நான் திண்டு பேத்தியிட்டப் பிடிபட்டனான்.